யாரும் கத்தாத வாரம்

ஒஸ்லோவில் இரத்தினவேலுக்குக் கிடைத்த வேலை, மற்றவர்கள் மறந்துபோன கிழட்டுச் சேர்வர் கணினிகளைச் சாகாமல் பார்த்துக்கொள்வது. 2009இல் அவன் கையில் மிஞ்சியது ஒன்றுதான், விண்டோஸ் 2000இல் ஓடுகிற பெட்டி. மருத்துவமனைகளுக்குப் படுக்கை விரிப்புத் தோய்த்தனுப்பும் சலவைக்கூடத்தின் பட்டியல்கள் அதிலிருந்துதான் போகும். அந்தப் பட்டியல் மென்பொருள் புதிய பதிப்பில் ஓடாது.

புதிய மேலாளர் ஹோக்கனுக்குப் பெட்டியைக் கண்டாலே அருவருப்பு. "அடுத்த வருடம் இதைச் செய்தவர்களே கைகழுவுகிறார்கள். திங்கட்கிழமை வயரைப் பிடுங்குவோம். தேவைப்படுகிறவன் கத்துவான். வெள்ளிவரை யாரும் கத்தாவிட்டால் குப்பைக்குப் போகட்டும். முன்கூட்டி யாருக்கும் சொல்லக்கூடாது."

பெட்டி போனால் இரத்தினவேலும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஆனாலும் அவன் கவலைப்படவில்லை. மத்தியானத்துக்குள் கூரை பறக்கக் கத்துவார்கள் என்று காத்திருந்தான். திங்கள் போனது, செவ்வாய் போனது. புதன்கிழமை ரெலிபோனுக்கு உயிர் இருக்கிறதா என்று எடுத்துப் பார்த்தான். வியாழன் காலை ஹோக்கன் ஒரு தள்ளுவண்டியைக் கொண்டுவந்து பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

பொறுக்கமுடியாமல் அவன் சலவைக்கூடத்துக்கே போனான். அங்கே ஷிப்டுக்குப் பொறுப்பு அவனுடைய அண்ணன் குலசேகரம். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அடிமட்டம் வைத்துக் கோடு போடாமல் ஓர் எழுத்தும் எழுதாதவர். மேசையில் கட்டம் போட்ட நோட்டுக் கொப்பி. பதினொரு மருத்துவமனை, விரிப்பு இத்தனை, தலையணை உறை இத்தனை. திருத்தங்கள் சிவப்பு மையில்.

"என்ன அண்ணை இது?"

"லிஸ்ட் வரேல்லை. நினைவில இருந்ததை எழுதினனான். நாலு நாளா ஒரு உறை குறையேல்லை."

"ஒருக்கா ரெலிபோன் எடுத்திருக்கலாமே?"

குலசேகரம் குரலைத் தாழ்த்தினார். "விசரா, உன்ரை மெசின் படுத்திட்டுதெண்டு உன்ரை மனேஜருக்கு நானே சொல்லுறதோ? ஆரும் வாய் திறக்கக்கூடாதெண்டு இஞ்சை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்."

"என்ரை சீட்டைக் கிழிச்சுப்போட்டியள். நாளைக்குள்ளை ஆராவது கத்தவேணும்."

"என்னெண்டு கத்துறது?"

"என்னோடை கத்துறமாதிரித்தான்."

வெள்ளிக்கிழமை ரெலிபோன் மணி அடித்தது. ஹோக்கன் ஒலிபெருக்கியில் போட்டார். குலசேகரம் நோர்வேஜிய மொழியில் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டு, பட்டியல் வருவதில்லை என்றார்.

"அப்படியானால் இதுவரை எப்படிச் சமாளித்தீர்கள்?"

"மிக நன்றாக. ஒரு உறை குறையவில்லை."

இரத்தினவேல் நெற்றியில் கை வைத்தான். அண்ணனால் அந்த ஒரு பெருமையை மட்டும் அடக்கமுடியவில்லை.

"அப்படியானால் பெட்டி எதற்கு?"

"திங்களிலிருந்து எனக்கு மூன்று வாரம் விடுமுறை. பட்டியல் என் கொப்பியில் இருக்கிறது. தமிழில்."

ஹோக்கன் தானே குனிந்து வயரைச் செருகினார்.

பின்னேரம் அண்ணன் மறுபடி ரெலிபோன் எடுத்தார். "நான் கத்தினது போதுமோ?"

"ஓம் அண்ணை," என்றான் இரத்தினவேல். "காது அடைச்சுப்போச்சு."