நீள மூக்குக்காரி பெஹாலாவுக்கு வந்தாள்

கல்கத்தா பாலிகஞ்சில் ஒரு அறுபதாம் கல்யாணம். பந்தியில் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, கூட்டும் பொரியலும் வந்துகொண்டிருந்த நேரத்தில் சாவித்திரியின் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். பெஹாலா சௌராஸ்தாவில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் தபன் தா. அந்த வட்டாரத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். அதனால் தபன் தா. அவர் வங்காளியில் சொன்னது சின்ன விஷயம். சென்னையிலிருந்து விமானத்தில் பெட்டி வந்துவிட்டது, கேட்டது உள்ளே இருக்கிறது, உயிரோடு இருக்கிறது.

சாவித்திரி இலையைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் சிவலிங்கத்தைப் பார்த்தாள்.

"அத்தான், நான் கிளம்புதேன்."

"இலையில உக்காந்துட்டு எங்க கிளம்புதே?"

"மீன் வந்திருக்காம்."

சிவலிங்கம் எதிர்ப்பந்தியை ஒரு பார்வை பார்த்தார். சைவப் பிள்ளைமார் வீட்டு விசேஷம். மீன் என்ற சொல் காதில் விழுந்ததும் பரிமாறுகிறவர் கரண்டியோடு நின்றுவிட்டார். "சாப்பிட்டுட்டுப் போயேன்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார் சிவலிங்கம். அதற்குள் அவள் எழுந்து, விசேஷ வீட்டு அம்மாளிடம் ஏதோ சமாதானம் சொல்லி, பட்டுப்புடவையோடு வாசலுக்குப் போய் மஞ்சள் டாக்ஸியைக் கைகாட்டி நிறுத்திவிட்டாள். அறுபதைத் தொடப் போகிற வயதில், தாம்பூலப் பைகூட வாங்காமல் அவள் அப்படி ஓடியதைப் பற்றி உறவுக்காரர்கள் பல நாள் பேசினார்கள்.

அவள் அந்த வகை மீனை முதன்முதலாகப் பார்த்தது கிடர்பூரில். அப்போது அவளுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சிவலிங்கத்துக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. திருநெல்வேலியிலிருந்து வந்தவளுக்கு வங்காளி ஒரு சொல் தெரியாது. ஆனால் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்தாள். துறைமுகத்தை ஒட்டிய தெருவில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. எஸ்பிளனேடிலிருந்து டிராம் ஏறுவாள். மைதானத்துப் புல்வெளியை ஒட்டி, மரநிழலில், அவசரமே இல்லாமல் அந்த டிராம் போகும். கிடர்பூரில் இறங்கினால் கைவண்டிகளும் லாரிகளும் சணல் மூட்டை வாசனையும்.

அலுவலகத்தின் முதலாளி சௌதுரி பாபுவுக்கு மீன் பைத்தியம். வரவேற்பறையில் சுவரோடு சுவராக ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி வைத்திருந்தார். நல்ல தண்ணீர்த் தொட்டி இல்லை, கடல் தண்ணீர். ஹூக்ளி ஆற்றின் கலங்கல் தாண்டி வெளிக்கடலுக்குப் போகும் படகுக்காரர்களிடம் சொல்லிவைத்து, பீப்பாய்களில் தண்ணீர் எடுத்துவரச் சொல்வார். அதற்குள் ஒரே ஒரு மீன். சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு கேப்டன் பிளாஸ்டிக் பையில் போட்டு, மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்ததாம். உள்ளங்கையளவு உடம்பு, தட்டையாக, வெள்ளிபோல். அதன் மேல் நெடுக்காகச் செம்பு நிறப் பட்டைகள். முதுகின் கடைசியில் இன்னொரு கண் இருப்பதுபோல் ஒரு கரும்புள்ளி. எல்லாவற்றையும்விட அதன் மூக்கு. கொறடு மாதிரி நீண்டு, பாறையின் ஒவ்வொரு பொந்துக்குள்ளும் நுழைந்து பார்த்துவிட்டு வெளியே வரும்.

சாவித்திரியின் மேஜை அந்தத் தொட்டிக்கு நேர் எதிரே. சரக்குப் பட்டியல்களைத் தட்டிக்கொண்டே அதைப் பார்ப்பாள். அதுவும் கண்ணாடிக்கு அருகே வந்து நின்று அவளைப் பார்க்கும். பேச ஆளில்லாத ஊரில் அவளுக்கு முதலில் பழக்கமானது அந்த மீன்தான். வங்காளியில் அவள் கற்றுக்கொண்ட முதல் முழு வாக்கியமும் அதைப் பற்றியதுதான். இன்றைக்கு மீன் நன்றாக இருக்கிறது என்று ஒருநாள் சௌதுரி பாபுவிடம் தப்புத் தப்பாகச் சொன்னாள். அவர் தலையை ஆட்டி, இலக்கணத்தைத் திருத்தி, டீ வரவழைத்துக் கொடுத்தார்.

ஒரு கோடையில் சனி ஞாயிறு இரண்டு நாளும் மின்வெட்டு. திங்கட்கிழமை அவள் போனபோது தொட்டியின் மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. சௌதுரி பாபு அன்று முழுக்க அறையைவிட்டு வெளியே வரவில்லை. அப்புறம் அவர் வேறு மீன் வாங்கவே இல்லை. சில வருஷங்களில் அலுவலகமும் மூடப்பட்டது. சாவித்திரி பெஹாலாவில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றாள்.

இடையில் ஆசை எங்கும் போய்விடவில்லை. குவார்ட்டர்ஸில் இருந்தபோது ஒரு ஊறுகாய் ஜாடியில் கப்பி மீன் வளர்த்தாள். பெஹாலாவில் சொந்த பிளாட் வாங்கியதும் ஒரு நல்ல தண்ணீர்த் தொட்டி வந்தது. மகன் விக்ரம் சின்னவனாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் அவனை இழுத்துக்கொண்டு வடக்கே காலிஃப் ஸ்ட்ரீட் சந்தைக்குப் போவாள். புறாக் கூண்டுகளையும் நாய்க்குட்டிக் கூடைகளையும் தாண்டி மீன்காரர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் போய், செம்புப் பட்டை போட்ட கடல்மீன் வருமா என்று கேட்பாள். வராது தீதி, என்று அக்கா முறை வைத்துச் சொல்வார்கள். விக்ரமுக்குக் கச்சோரி வாங்கிக் கொடுத்துக் கூட்டிவருவாள்.

ஓய்வு பெற்ற மறு மாதமே உப்புநீர்த் தொட்டி வைத்தாள். இப்போது கடலிலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டியதில்லை. கடல் உப்பு வாளியில் பொடியாகக் கிடைக்கிறது. சுத்தமான தண்ணீரில் கரைத்து, அளவு பார்த்து, வாரக்கணக்காக வெறும் தண்ணீரையும் கல்லையும் ஓடவிட்டுக் காத்திருந்தாள். வெறும் தண்ணீருக்கு எதற்கு விளக்கு என்று சிவலிங்கம் கேட்டார். பின்பு இரண்டு கோமாளி மீன்கள் வந்தன. அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். வீட்டில் கவிச்சி கூடாது. பொட்டலத்தில் வரும் உலர்ந்த தீனி போடலாம். பிரிட்ஜில் எதுவும் வைக்கக் கூடாது. அந்த வீட்டுப் பிரிட்ஜில் முட்டைகூட நுழைந்ததில்லை. அவளும் சரியென்றாள்.

நீள மூக்கு மீனுக்காகத் தபன் தாவிடம் சொல்லிவைத்துக் காலம் போனது. ஒருமுறை வந்தது, அலிபூரில் யாரோ முந்திக்கொண்டார்கள். இன்னொரு முறை அவள் போய்ச் சேருவதற்குள் கடைத் தொட்டியிலேயே செத்துப்போனது. தபன் தா ஒளிக்காமல் காட்டினார். அவருக்கு அவள் பௌதி, அதாவது அண்ணி. இது வேண்டாம், பௌதி, இது பிடிவாதக்கார மீன், பட்டினி கிடந்தே சாகும், வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று பலமுறை சொன்னார். சாவித்திரி வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

அதனால்தான் அன்றைக்குப் பந்தியிலிருந்து எழுந்து ஓடினாள்.

கடையில் பெட்டி திறந்து கிடந்தது. செய்தித்தாள் சுற்றிய பையைத் தபன் தா மெதுவாகப் பிரித்துக் காட்டினார். உள்ளே, பயத்தில் நிறம் மங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, அது. முதலில் மூக்கைத்தான் பார்த்தாள். பிறகு முதுகுப் புள்ளியை. அவளுக்கு எதிரில் இருந்தது தபன் தாவின் கடை இல்லை. பழைய மின்விசிறி சுற்றும் வரவேற்பறை, டைப்ரைட்டரின் மை நாடா வாசனை, ஜன்னலுக்கு வெளியே கப்பல் சங்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தபன் தா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பையைக் கட்டினார்.

ரிக்ஷாவில் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வழியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ரிக்ஷாக்காரரை மெதுவாகப் போகச் சொன்னாள். வீட்டில் அறை விளக்கை அணைத்து, மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து, பட்டுப்புடவையை மாற்றாமலே தரையில் உட்கார்ந்திருந்தாள். சிவலிங்கம் திரும்பி வந்தபோது அது தொட்டிக்குள் இறங்கி, கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்திருந்தது. அவர் பாலிகஞ்சிலிருந்து ஒரு டப்பாவில் பாயசம் வாங்கி வந்திருந்தார். அதை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

தபன் தா சொன்னதுதான் நடந்தது. அது சாப்பிடவில்லை.

பொடியைப் போட்டாள், கோமாளிகள் தின்றுவிட்டன. தீனியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கல்லில் தடவிப் பார்த்தாள். அருகே வந்து, மூக்கால் முகர்ந்துவிட்டு, திரும்பிக்கொண்டது. நாளாக ஆக அதன் வயிறு உள்ளே ஒட்டியது. சாவித்திரிக்கும் சோறு இறங்கவில்லை. தபன் தாவுக்குப் போன் செய்தாள். சிப்பியை உயிரோடு வாங்கி, பிளந்து, ஓட்டோடு தொட்டிக்குள் வையுங்கள். பொந்துக்குள் கிடப்பதைக் கொத்தித் தின்னத்தானே அதற்கு அந்த மூக்கு, என்றார் அவர்.

சாவித்திரி கல்கத்தாவில் முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவள். பெஹாலா பஜாரில் காய்கறிப் பக்கம் அவளுக்குத் தெரியாத ஆள் கிடையாது. ஆனால் மீன் பக்கம் ஒருநாளும் நுழைந்ததில்லை; மூக்கில் முந்தானையை வைத்துச் சுற்றுவழியில்தான் போவாள். கீழ்வீட்டு ஜர்னா பௌதியிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷம் என் வீட்டு இலிஷ் மீன் வாசனைக்கு ஜன்னலைச் சாத்தினவள் நீதானா என்று கேட்டார். அப்புறம் எழுந்து பையை எடுத்துக்கொண்டு, வா போகலாம் என்றார்.

காலை நேரத்துச் சந்தை. ஈரத்தரை, செதில்கள், கத்தல். சாவித்திரி ஜர்னா பௌதியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வரிசையின் கடைசியில், நத்தையும் குளத்துச் சிப்பியும் குவித்து வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சின்னதாகப் பார்த்துப் பொறுக்கச் சொன்னார் பௌதி. உருளைக்கிழங்கு போட்டுச் சமைப்பீர்களா, வெங்காயம் போட்டா என்று அந்தப் பெண் கேட்டாள். சாவித்திரி யோசித்துவிட்டு, எங்கள் வீட்டில் ஒருத்திக்குச் சமைக்காமல்தான் பிடிக்கும் என்றாள். அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இன்னும் நாலு சிப்பியை அள்ளிப் போட்டாள்.

சிப்பிகள் ஜர்னா பௌதி வீட்டு வாளியில் இருந்தன. அவரே அரிவாள்மணையில் ஒன்றைப் பிளந்து, கழுவி, ஒரு கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தார். அதை மாடிக்குக் கொண்டுவரும்போது சிவலிங்கம் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் கிண்ணத்தை மறைக்கவில்லை.

"அத்தான், பிரிட்ஜில வைக்கல. கீழ பௌதி வீட்லதான் இருக்கு. இது மட்டும் உள்ள வரணும்."

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு தொட்டியைப் பார்த்தார். கல்லின் ஓரத்தில் அது எலும்பும் தோலுமாக நின்றிருந்தது.

"பட்டினி கிடக்க உசிருக்கு சைவம் என்ன, அசைவம் என்ன" என்றார். "போடு."

சிப்பி ஓட்டைக் கல்லிடுக்கில் செருகிவிட்டு அவள் தள்ளி உட்கார்ந்தாள். கோமாளிகள் முதலில் வந்து மொய்த்தன. அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து நீள மூக்கு வெளியே வந்தது. ஓட்டைச் சுற்றிவந்தது. ஒரு கண்ணால் பார்த்தது, திரும்பி மறு கண்ணால் பார்த்தது. பிறகு மூக்கை உள்ளே விட்டு ஒரு இழுப்பு இழுத்தது. மறுபடி ஒன்று. வெள்ளைத் துணுக்கு வாய்க்குள் போனதை இருவரும் பார்த்தார்கள்.

"தின்னுட்டு" என்றார் சிவலிங்கம்.

சாவித்திரி போனை எடுத்தாள். ஜர்னா பௌதியைக் கூப்பிட்டு, "காச்சே, பௌதி, காச்சே" என்று, சாப்பிடுகிறது என்பதை மட்டும் சொன்னாள். செருப்புக்கூடப் போடாமல் அவர் மாடியேறி வந்தார். மூவரும் ஓடு காலியாகும்வரை எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு அது தேறியது. வயிறு நிரம்பி, பட்டைகள் பளபளத்தன. சிப்பியிலிருந்து மெல்ல மெல்ல மற்ற தீனிக்கும் பழகியது. துர்கா பூஜா நாட்களில் பந்தல் பார்க்கப் போகிறவர்கள் வழியில் இவர்கள் வீட்டுக்கும் ஏறி, அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். விக்ரம் மட்டும் இன்னும் கிண்டல் செய்கிறான். "மா, தனக்கு சாம்பார், மாச்சுக்கு சீஃபுட்" என்று மீனுக்கு வங்காளிச் சொல்லைப் போட்டு நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

போன வைகாசியில் திருநெல்வேலியில் தம்பி மகள் கல்யாணம். இருவரும் போவதாகத்தான் டிக்கெட் எடுத்திருந்தார்கள். கடைசி நேரத்தில் சிவலிங்கம் முழங்கால் வலி என்று நின்றுகொண்டார். மண்டபத்தில் நாதஸ்வரம் முழங்கிக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது. சாவித்திரி ஒரு காதைப் பொத்திக்கொண்டு தூண் ஓரமாக ஒதுங்கினாள். கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அதெல்லாம் ஒன்றுமில்லை என்றார். காலையில் தானே பஜாருக்கு நடந்துபோய், அந்தச் சிப்பிக்காரப் பெண்ணிடம் பொடிசாகப் பார்த்து வாங்கிவந்ததாகச் சொன்னார்.

"அது ரெண்டு சிப்பி தின்னுட்டு. நீ நல்லா இருந்து சாப்பிட்டுட்டு வா."

அவள் பந்திக்குப் போய் உட்கார்ந்தாள். இரண்டாவது முறை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.