சோதனை ஒலிபரப்பில் சொல்லக்கூடாதவை

அமெச்சூர் ரேடியோ என்பது, பேசுவதற்கு லைசென்ஸ் வாங்கிவிட்டு வாயைக் கட்டிக்கொண்டு உட்காரும் தொழில். யுத்தகாலத்தில் சர்க்கார் எடுத்துப்போன பெட்டி திரும்பி வந்து, திருச்சுழியில் நான் மறுபடி ஏரியல் கம்பி கட்டிய நாளிலிருந்தே வம்புதான். வாத்தியார் வேலைக்கு இது எதுக்கு என்று உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பார்களே, அதே பாடுதான் எனக்கும்.

பல்புக்குள் பேச்சு

பெட்டியைச் சரிபார்க்கிறேன் என்று வானத்தில் இரைச்சல் போடக் கூடாது. ஏரியல் கம்பியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் டார்ச் பல்பை மாட்டிப் பேசுவேன். சக்தியெல்லாம் பல்பிலேயே எரிந்துவிடும், வெளியே போகாது. எதிர்வீட்டு அந்தோணியம்மா இதை வாசலில் நின்று பார்த்தாள். அவள் புருஷன் ரங்கூன் அரிசி மில்லுக்குப் போனவர். யுத்தத்துக்குப் பிறகு ஒரு கடுதாசிகூட இல்லை. இந்தப் பேச்சு ரங்கூனுக்குக் கேட்குமா என்றாள். பல்பைக் காட்டி விளக்கினேன்.

“அந்தக் கண்ணாடிக்குள்ளயே சாகுறதுக்கா வாத்தியாரய்யா இம்புட்டுச் சத்தமாப் பேசுறீக?”

முதலில் காது

கம்பியை மாட்டினாலும் எடுத்த எடுப்பில் பேசிவிட முடியாது. அந்த அலைவரிசையில் வேறு யாராவது பேசுகிறார்களா என்று முதலில் கேட்க வேண்டும். பிறகு சர்க்கார் நமக்குக் கொடுத்த அழைப்புக் குறி, ‘சோதனை, ஒன்று, இரண்டு, மூன்று’, மறுபடி குறி. அவ்வளவுதான், நிறுத்திவிட வேண்டும். அந்தோணியம்மாவுக்காகச் சிபாரிசுக்கு வந்தார் எங்கள் டிரில் மாஸ்டர். ரங்கூன் போன மகன் செத்துவிட்டான் என்றே முடிவுகட்டி, அவள் மாமியார் வீட்டில் ஆத்துமப் பூசைக்கு நாள் பார்க்கிறார்களாம். அவர் பேசப் பேச நான் ஹெட்போனும் காதுமாக இருந்தேன். மனுஷர் நொந்துபோனார்.

“பொண்ணு கேட்டுப் போனவன்கூட இம்புட்டு யோசிச்சு வாயத் தொறக்க மாட்டான் சார்.”

ரங்கூனுக்கு ஒரு சொல்

மறுநாள் சாயங்காலம் அவளே வந்தாள். பூசை வைத்துவிட்டால் தாலியைக் கழற்றச் சொல்வார்கள். அதற்குள் ‘உன் பெண்சாதி காத்திருக்கிறாள்’ என்று ஒரு வார்த்தை அனுப்பினால் போதும் என்றாள். சோதனையில் பிறத்தியார் சேதி போகக் கூடாது, போனால் லைசென்ஸ் போய்விடும். அங்கே கேட்பதற்கு ஆள் உண்டா என்பதும் தெரியாது. முடியாது என்றேன். அவள் அழவில்லை. சேதி கூடாதென்றால் வேறு என்னதான் சொல்வீர்கள் என்று கேட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்றேன்.

“அந்த ஒண்ணு ரெண்டு மூணயாச்சும் அவுக இருக்குற தெசையப் பாத்துச் சொல்லுங்கய்யா.”

பாட்டு, வியாபாரம், பிறத்தியார் சேதி என்று எல்லாவற்றுக்கும் தடை போட்ட சர்க்கார், கம்பியை எந்தத் திசைக்குக் கட்டுவது என்று மட்டும் எழுத மறந்துவிட்டதால், அன்றைக்கே அதை அவிழ்த்து ரங்கூனுக்குத் தோதாக மாற்றிக் கட்டினேன்.