நூற்றெண்பதாவது நாளில் கல்லாறு

பொன்முடிக்குப் போகிறவர்கள் டீ குடிக்க மட்டும் கல்லாறு நிறுத்தத்தில் இறங்குவார்கள். நான் ஒரு படிவத்தை நிரப்ப இறங்கினேன். இந்த வருடம் ஓணம் லீவு முடிந்த வார சனிக்கிழமை அது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் இல்லம் நடத்தும் ஒரு தனியார் அமைப்போடு அரசுத் துறை ஒன்று புது மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தது. குழந்தையை இல்லத்தில் வைத்திருப்பதற்குப் பணம் கிடையாது. உறவினர் வீட்டில் சேர்த்து, நூற்றெண்பது நாள் அங்கேயே இருந்தால்தான் கடைசித் தவணை. நடுவில் ஒரு ராத்திரி இல்லத்துக்குள் தங்கினாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். அதைச் சரிபார்க்கும் வெளியாள் நான்.

நாகர்கோவிலில் காலை 6.40 பாசஞ்சர், இருபது ரூபாய். தம்பானூர் பஸ் நிலையத்தில் 9.15க்குப் பொன்முடி பஸ், அறுபத்திரண்டு ரூபாய், நாற்பத்தைந்து கிலோமீட்டர். நெடுமங்காட்டுக்குச் சற்று முன்னால் அந்த இல்லத்தின் பச்சை கேட் ஜன்னலில் வந்து போனது. அப்புறம் ரப்பர் மரங்கள். அதற்கப்புறம் எது தூக்கம், எது மூடுபனி என்று எனக்குத் தெரியாது. கண்டக்டர் தோளைத் தட்டியபோது ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்டது, ஆற்றைக் காணவில்லை.

அன்றோடு நூற்றெண்பது நாள் முடியும் குழந்தை நீது. அவளுக்குப் பன்னிரண்டு வயது. அவளைப் பார்த்துக்கொள்ளும் சித்தி பாலத்தருகே சின்னக் கடை வைத்திருக்கிறார். சூடான பழம்பொரியை என் முன்னால் வைத்துவிட்டு சித்தி மலையாளம் கலந்த தமிழில் கள்ளமில்லாமல் சொன்னார்:

"போன மாசம் எனக்குக் காய்ச்சல் கூடி ரெண்டு நாள் ஆஸ்பத்திரில கிடந்தேன் மேடம். இவள ஒத்தைக்கு விட முடியுமா? ஆட்டோல இல்லத்துக்கு அனுப்பிட்டேன் கேட்டோ."

என் பேனா நின்றுவிட்டது. இத்தனை நாளும் வீண்தானா?

"நான் உள்ள போகல்ல மேடம்," என்றாள் நீது அவசரமாக. "உள்ள கிடந்தா ஆறு மாசமும் போச்சுன்னு லீலா சேச்சி பறஞ்சாங்க. பறஞ்சிட்டு அவங்களே பாயும் போர்வையும் எடுத்துட்டு வெளிய வந்தாங்க."

லீலா அந்த இல்லத்தின் வார்டன். கேட்டுக்கு வெளியே சாலையோரத்தில் வாட்ச்மேன் ஷெட் இருக்கிறது. இரண்டு ராத்திரியும் இருவரும் அங்கேதான் படுத்திருக்கிறார்கள்.

"தகரத்துல மழை. நல்ல ரசமாயிருந்துச்சு," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் புரியவில்லை. குழந்தைகளை வருடக்கணக்கில் அடைத்து வைத்துப் பணம் வாங்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் எழுதிய ஒப்பந்தம்தான் அது. எழுதியவர்களுக்குச் சித்தியின் காய்ச்சல் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

'இல்லத்துக்குள் தங்கிய இரவுகள்' என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். அது உண்மை. குறிப்பு எழுத விட்டிருந்த இரண்டு வரியில் ஷெட்டைப் பற்றியும் எழுதி, அவசரத்துக்கு வரும் குழந்தைக்குக் கேட்டைத் திறப்பதைத் தோல்வியாக எண்ண வேண்டாம் என்று கேட்டேன். துறையிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை.

போகிறவர்களுக்கு: குடை கட்டாயம். ஆற்றுப் பாறைகள் வழுக்கும், படம் எடுக்க ஏறாதீர்கள். திரும்பும் பஸ் 2.50க்கு, தவறினால் ஒன்றரை மணி நேரம் பனியைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

நிறுத்தம் வரை நீது குடை பிடித்து வந்தாள்.

"இன்னையோட தீர்ந்தா மேடம்?"

"தீர்ந்தது."

"அப்ப இனி லீலா சேச்சியப் பாக்க கேட்டுக்குள்ள போலாம், இல்லே?"

"போகலாம்" என்றேன். அவள் சித்தியைத் திரும்பிப் பார்த்தாள். சித்தி கடையைச் சாத்திவிட்டு வந்தார். பஸ் வந்ததும், பச்சை கேட் இருக்கும் நெடுமங்காட்டுக்கு மூன்று டிக்கெட் எடுத்தேன்.