கம்ப்ளைண்ட் ஏதும் உண்டா?

காலையில் டியூட்டிக்கு வந்ததும் நான் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் "எனக்கு மூன்று நாளாக வயிறு சரியில்லை" என்பதாக இருக்கும். என் வயிறு நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த பத்து நிமிடத்தில் எனக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். அதற்கடுத்து என் கண்ணில் வெல்டிங் பொறி விழுந்திருக்கும். ஷார்ஜா தொழில்பேட்டையில், டயர் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் சிறிய கிளினிக்கில் டாக்டர் இஹ்சான் வைத்திருக்கும் வழக்கம் இது. அவர் சூடான் நாட்டுப் பெண்மணி. அரபியும் ஆங்கிலமும் அவருக்கு வரும். தமிழும் இந்தியும் உடைந்த வங்காளமும், ஒப்பேற்றும் அளவுக்கு ஆங்கிலமும் எனக்கு வரும். நோயாளி சொல்வதை நான் அவருக்கு மாற்றிச் சொல்வேன். "அவனுக்கு வலிக்கிறது என்று சொல்லாதே செல்வம், எனக்கு வலிக்கிறது என்று சொல். அப்போதுதான் நடுவில் உன் சரக்கைச் சேர்க்க மாட்டாய்" என்பார். விசாவில் என் வேலை கிளீனர்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். திருப்பூரில் சாயப்பட்டறை, நாக்பூரில் முறுக்குக் கம்பெனி, அல் கோபாரில் லாண்டரி, தோஹா நஜ்மாவில் டீக்கடை என்று ஓரிடத்திலும் கால் தங்காமல் சுற்றினேன். கோபாரில் எட்டுக் கட்டில் போட்ட அறையில் பதினான்கு பேர் இருந்தோம். பகல் ஷிப்டுக்காரன் எழுந்ததும் இரவு ஷிப்டுக்காரன் அதே மெத்தையில் படுப்பான். வங்காளம் கற்றது என் மெத்தையின் மறுபாதிக்காரனிடம். இந்த கிளினிக்கில் மாப் பிடிக்கத்தான் சேர்ந்தேன். ஒருநாள் ஒரு தமிழர் நெஞ்சைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். டாக்டர் போனில் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை எழுதப் போனார். கதவோரம் துடைத்துக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. "மேடம், எரிச்சல் மாஃபி, எரிச்சல் இல்ல. அவர் கரிக்குதுன்னு சொல்லல, அடைக்குதுங்கிறார்" என்று என் மார்பில் இரண்டு கையையும் வைத்து அழுத்திக் காட்டினேன். டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அந்த மனிதரை ஆம்புலன்ஸில் ஏற்றினோம். பிழைத்துக்கொண்டார். மறுநாள் டாக்டர் மேசைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல் கிடந்தது.

எங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் என் அப்பாவைக் காட்டப் போனது நினைவுக்கு வருகிறது. அங்கே டாக்டரும் தமிழ், நாங்களும் தமிழ். அப்பா "ராத்திரியானா..." என்று ஆரம்பித்து முடிப்பதற்குள் சீட்டு கைக்கு வந்துவிட்டது. இங்கே ஒரு வலி இரண்டு மொழியைத் தாண்டி வரும்வரை ஒரு டாக்டர் பேனாவை மூடி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

சென்ற மாதம் லைசென்ஸ் புதுப்பிக்க இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்று தகவல் வந்தது. மேனேஜர் காதர் பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்தா பாரு செல்வம், நாளைக்கி நீ கிளீனர் மட்டுந்தான். மாப்பப் புடிச்சோமா, தொடச்சோமான்னு இரு. ரூமுக்குள்ள ஒக்காந்து வைத்தியம் பேசுனது தெரிஞ்சா லைசென்ஸும் கலாஸ், நீயும் கலாஸ்."

"டாக்டர் கேட்டா?"

"டாக்டர நான் பாத்துக்கிறேன். ஒன் வாயத்தான் எனக்குப் பயமா இருக்கு."

வந்தவர் கறுப்பு அபாயா அணிந்த உள்ளூர்ப் பெண்மணி. கையில் டேப்லெட். எங்கள் ஊருக்கு அதிகாரி வந்தால் சால்வையும் இளநீரும் தயாராக இருக்கும். இவர் காதர் பாய் நீட்டிய டீயைக்கூடத் தொடவில்லை. தடுப்பூசி ஃப்ரிட்ஜின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டார், காலாவதித் தேதிகளைப் பார்த்தார், கழிப்பறைக் குழாயைத் தானே திறந்து மூடினார். பிறகு செய்ததைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. கிரீஸும் வேர்வையும் மணக்கும் ஆட்களுக்கு நடுவே, காத்திருக்கும் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் சாரம் கட்டும் முருகேசன், ராமநாதபுரத்துக்காரர்.

"எனி கம்ப்ளைண்ட்?" என்று அவரிடம் அன்பாகக் கேட்டார்.

முருகேசன் முகம் மலர்ந்தது. "எஸ் மேடம். டூ மன்த் கம்ப்ளைண்ட். பிக் கம்ப்ளைண்ட்."

அந்த அம்மாள் டேப்லெட்டை எடுத்தார். "டாக்டருக்குத் தெரியுமா?"

"நோயிங் மேடம். த்ரீ டைம் டெல்லிங். ஸ்டில் கம்ப்ளைண்ட்."

பக்கத்து வங்காளி விடுவானா? "மீ ஆல்சோ மேடம். மார்னிங் கம்ப்ளைண்ட், நைட் கம்ப்ளைண்ட்."

எதிர் பெஞ்சிலிருந்த பட்டான் கிழவர் தாடியைத் தடவிக்கொண்டு, "யஹாங் சப்கா கம்ப்ளைண்ட் ஹை!" என்று, இங்கே எல்லாருக்குமே கம்ப்ளைண்ட்தான் எனத் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

அம்மாளின் விரல் வேகமாக ஓடியது. காதர் பாய் வெளிறிப்போனார். நம் ஆட்களுக்கு கம்ப்ளைண்ட் என்றால் வியாதி. சுகர் கம்ப்ளைண்ட், கிட்னி கம்ப்ளைண்ட் என்று சொல்லிப் பழகியவர்கள். அவர் கேட்டதோ புகார். வாயைத் திறந்தால் என் ஸ்டூல் போகும். திறக்காவிட்டால் கிளினிக்கே போகும். மாப்பைச் சுவரில் சாய்த்தேன்.

"மேடம், இவங்க டாக்டரைக் குறை சொல்லல. முதுகுவலியையும் கேஸ் தொல்லையையும் சொல்றாங்க" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் என்னையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ கிளீனர். உனக்கு எப்படித் தெரியும்?"

காதர் பாய் முந்தினார். "சும்மா பேசுவான் மேடம், நோ பிராப்ளம்..."

டாக்டர் இஹ்சான் அறையிலிருந்து வெளியே வந்தார். "என் அறையில் இவர்தான் மொழிபெயர்க்கிறார். இவர் இல்லாமல் இங்கே வருகிறவர்களில் பலருக்கு என்னால் வைத்தியம் பார்க்க முடியாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். ஒரு பொய்யும் சொல்லவில்லை. என்னைப் பின்னால் ஒளித்துக்கொள்ளவும் இல்லை.

அந்த அம்மாள் எழுதியதை அழித்தார். பிறகு என்னை அருகில் அழைத்து, பெஞ்சில் இருந்தவர்களிடம் முதலிலிருந்து கேட்கச் சொன்னார். கேட்டேன். டாக்டரைப் பற்றி ஒரு புகாரும் இல்லை. ஏசி குளிர் அதிகம் என்று பட்டான் கிழவர் மட்டும் சொன்னார். அதைக் குறித்துக்கொண்டார்.

லைசென்ஸ் கிடைத்தது. அதோடு வந்த கடிதத்தில் என்னைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. நோயாளி சம்மதித்தால் நான் பேசலாம். ஆனால் பயிற்சி முடித்துப் பதிவு பெறும்வரை, பரிசோதிக்கும் இடத்தில் இருக்கக்கூடாது. முதலில் எரிச்சலாக இருந்தது. யோசித்தால், சட்டையைக் கழற்றி நிற்கும் ஒரு கூலிக்காரனின் மானத்துக்காக ஓர் அரசாங்கம் விதி வைத்திருக்கிறது. அதை எப்படிக் குறை சொல்வது? பயிற்சிக்கான படிவத்தில் படிப்பு என்ற கட்டத்தில் டாக்டர் தன் கையால் ஒன்பது என்று எழுதி அனுப்பினார். பதில் வரவில்லை. "மாப்போட இருன்னா கேட்டியா?" என்று காதர் பாய் இன்னும் திட்டுகிறார். திட்டிவிட்டு டீ வாங்கித் தருகிறார்.

இப்போது பரிசோதனைக் கட்டிலின் திரைக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். உள்ளே முருகேசன் படுத்திருக்கிறார். "அண்ணே, இங்கதாண்ணே" என்கிறார். டாக்டருக்கு அவர் விரல் தெரிகிறது, சொல் புரியவில்லை. எனக்குச் சொல் புரிகிறது, விரல் தெரியவில்லை. சுவரைப் பார்த்து நின்றபடி, எந்த இடம் என்று அறியாமலே, "ஹியர்" என்கிறேன்.