லூட்டுக்கு ஜரிகைத் தந்தி: பிள்ளையார்பாளையத்தில் ஒரு வியாழக்கிழமை

காஞ்சிபுரம் போகிறோம், புடவைக்கு எந்தக் கடை நல்ல கடை என்று இந்த வலைப்பூவில் மாதத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறீர்கள். எனக்குத் தெரியாது. நான் முதன்முதலாகக் காஞ்சிபுரம் போனது புடவைக்காக இல்லை, ஒரு வாத்தியத்துக்குத் தந்தி செய்துகொண்டு வர. 1969, ஆடி மாதம், வியாழக்கிழமை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வாய் இப்போது இருப்பதைவிட இரண்டு முழம் நீளம். அந்த வாய்தான் என்னைப் பஸ் ஏற்றியது.

வாத்தியத்தின் பெயர் லூட். ஐரோப்பாவில் முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்கு வீடு வாசித்தது. முதுகு பாதிப் பூசணிக்காய், கழுத்து குட்டை, தலை பின்பக்கமாக மடங்கியிருக்கும். மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடையில் நாற்பது ரூபாய்க்கு வாங்கினேன். 'நீ அடிக்கிற லூட்டி போதாதுன்னு அதுக்கு ஒரு வாத்தியம் வேறயா?' என்றாள் அம்மா. வாசிக்கப் பாட்டு வேண்டுமே! அதே மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடைகளை மூன்று மாதம் குடைந்து ஒரு கிழிந்த புத்தகம் கண்டுபிடித்தேன். ஆறு கோடு, கோட்டின்மேல் ஆங்கில எழுத்து, வேறு ஒன்றும் கிடையாது. அந்த எழுத்து ஸ்வரம் இல்லை, விரல் வைக்க வேண்டிய இடம் என்று புரிவதற்குள் இன்னும் நான்கு மாதம் போய்விட்டது. சொல்லிக்கொடுக்க மெட்ராஸில் ஒரு ஆள் இல்லை.

மேல்நாட்டுச் சங்கீதம் கேட்கிறவர்கள் சேர்ந்து நடத்திய சிறிய சங்கம் ஒன்று இருந்தது. அதன் காரியதரிசி வீட்டுக் கூடத்தில் சுவர் முழுக்க வாத்தியங்கள் மாட்டியிருக்கும். ஒன்றையும் யாரும் வாசித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நான் அரைமணி நேரம் வாசிப்பதாக ஏற்பாடு. சொல்லி வைத்தாற்போல் அதற்கு எட்டு நாள் முன்னால் என் லூட்டின் தடித்த தந்திகள் அறுந்தன. மொத்தம் பதின்மூன்று. மெல்லிய ஏழுக்குக் காசிமேட்டில் மீன்பிடி நைலான் வாங்கிக் கட்டிச் சமாளித்திருந்தேன். கீழ் சுருதிக்கான ஆறும் உப்புக்காற்றில் இற்று ஒவ்வொன்றாகப் போயின. வெளிநாட்டுக்கு எழுதிப்போட்டால் வந்து சேர நான்கைந்து மாதம், வந்தால்.

காரியதரிசி உச்சுக்கொட்டினார். இந்த ஊர் சீதோஷ்ணத்துக்கு இது ஒத்துவராது, என்னிடம் கொடுத்துவிடு, பத்திரமாகச் சுவரில் இருக்கும், கொடுத்த நாற்பதைத் தருகிறேன் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'ஞாயித்துக்கிழமை நான் வாசிக்கலைன்னா நீங்களே எடுத்துண்டுபோய் மாட்டிக்கோங்கோ' என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்கென்றே சொன்னது. ஏழு மாதம் அலைந்து எழுத்துக்கூட்டிப் படித்த வாத்தியம் ஆணியில் தொங்கப்போகிறது என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அறுந்த தந்தியை நகத்தால் பிரித்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளைப் பட்டு, அதன்மேல் வெள்ளிப் பூச்சுள்ள மெல்லிய கம்பியைச் சுற்றியிருந்தார்கள். இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று பீரோவைத் திறந்து அம்மாவின் கல்யாணப் புடவையில் கரை பிரிந்த இடத்தில் ஒரு ஜரிகை இழையை உருவினேன். உள்ளே பட்டு, மேலே தங்க முலாம் பூசிய வெள்ளித் தகடு. அதே செய்முறை! அம்மா கத்தினது தெருக்கோடிவரை கேட்டது. நான் காதில் வாங்கவே இல்லை. என்னோடு வேலை பார்த்த டீச்சருக்குக் காஞ்சிபுரம்தான் சொந்த ஊர். அவளிடம் பிள்ளையார்பாளையத்தில் அவளுக்குத் தெரிந்த நெசவாளர் வீட்டு விலாசம் வாங்கிக்கொண்டு, வியாழக்கிழமைக்கு லீவு எழுதிக்கொடுத்தேன்.

பிராட்வேயில் காலை ஐந்தே முக்காலுக்குப் பஸ். டிக்கெட் இரண்டு ரூபாய் நாற்பது பைசா. பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழியாக எழுபத்தைந்து கிலோமீட்டர். லூட்டைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, கைக்குழந்தைக்கு டிக்கெட் கிடையாது, மூஞ்சியை மட்டும் காற்றாடத் திறந்துவை என்றார். எட்டு இருபதுக்குக் காஞ்சிபுரம். பஸ் ஸ்டாண்டு வாசலில் இரண்டு இட்லி, காபி, ஐம்பது பைசா. பிள்ளையார்பாளையம் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். சைக்கிள் ரிக்‌ஷாவுக்கு முக்கால் ரூபாய் கொடுத்தேன். நடந்தே போயிருக்கலாம், பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு முடியாது.

தெருவுக்குள் நுழைந்ததுமே தறிச் சத்தம். ஒவ்வொரு வீட்டிலும் தடக் தடக். விலாசத்தில் இருந்த வீட்டில் கன்னியம்மா என்கிற நாற்பது வயது அம்மாள் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளே குழித்தறியில் அவர் கணவர் ஏகாம்பரம். நான் வாசலில் நின்று, சத்தத்துக்கு மேலே கேட்கட்டும் என்று உரக்க, 'தந்தி விஷயமா மெட்ராஸ்லேர்ந்து வந்திருக்கேம்மா' என்றேன்.

ராட்டை நின்றது. கன்னியம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அந்தக் காலத்தில் தந்தி என்றால் சாவுச் செய்தி. இதுகூடத் தெரியாமலா நான் வளர்ந்தேன்? நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம் பொண்ணுக்கு இன்னாமா ஆச்சி?"

அவர் மகள் திருத்தணியில் நிறைமாதக் கர்ப்பிணி. எனக்கு அது எப்படித் தெரியும்? ஏகாம்பரம் தறியை விட்டு ஏறி ஓடிவந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் வந்துவிட்டார்கள், ஒருத்தி அதற்குள் மூக்கைச் சிந்தினாள். நான் போர்வையை அவிழ்த்து வாத்தியத்தைக் காட்டி, இந்தத் தந்தி அம்மா, இந்தத் தந்தி என்று கதறினேன். கன்னியம்மா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு திட்டினார் பாருங்கள், அப்படி ஒரு திட்டு நான் வாங்கினதே இல்லை. படித்த பொண்ணா நீ, பிள்ளைத்தாச்சி இருக்கிற குடும்பத்தில் வந்து வாசல்படியில் சொல்கிற சொல்லா இது, போ, வெளியே போ என்றார். நியாயம்தானே. நான் போகவில்லை. போனால் ஞாயிற்றுக்கிழமை ஆணி. வாசலிலேயே உட்கார்ந்து, காரியதரிசியிடம் வாய்விட்டதிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது, அதையும் மறைக்கவில்லை.

கன்னியம்மா அறுந்த தந்தியை வாங்கி விரலில் உருட்டிப் பார்த்தார்.

"அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதமா. எங்கூட்ல இத்த நரம்புன்னு சொல்லு."

யாழின் தந்திக்கு நம் ஆட்கள் அந்தக் காலத்தில் சொன்ன சொல்லே அதுதான். அன்று முழுக்க நரம்புதான்.

ஏகாம்பரத்துக்கு இஷ்டமே இல்லை. புடவைக்கே ஜரிகை பற்றாமல் கிடக்கிறது, பூசணிக்காய்க்குச் சுற்றணுமாம் என்று முனகினார். ஆனாலும் எதிர்வீட்டு ராட்டையைத் தூக்கி வந்து, இரண்டையும் எதிரெதிரே ஒரு கஜ தூரத்தில் வைத்தவர் அவர்தான். நடுவில் பட்டு இழைகளைச் சேர்த்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுற்ற, சுழலுகிற பட்டின்மேல் கன்னியம்மா விரலால் ஜரிகையை ஓட்டினார். ஒரு பக்கம் ஏகாம்பரம், மறுபக்கம் பக்கத்து வீட்டுப் பெண். பத்தரை மணிக்கு முதல் நரம்பு தயார். மினுமினுவென்று இருந்தது. லூட்டில் கட்டி முறுக்கினேன். சுருதி ஏறியது, இறங்கியது. மறுபடி ஏற்றினேன், மறுபடி இறங்கியது. இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போய், மேலே ஜரிகை விரிந்து உள்ளே பட்டு பல்லைக் காட்டியது.

கன்னியம்மா பதறவில்லை. பட்டு இழையைப் பல்லில் வைத்து இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இது வெந்த பட்டுமா. சோறு மாதிரி, இழுத்தா கொழஞ்சிக்கினுதான் போவும். வேவாத பட்டு வேணும்."

புடவைக்குப் பட்டைச் சோடா உப்பில் வேகவைத்துப் பசையை எடுத்துவிடுவார்கள், அப்போதுதான் மெத்தென்று இருக்கும். எங்களுக்கு மெத்தென்று இருந்து ஆகப்போவது என்ன? பசையோடு விறைப்பாக இருக்கிற கோரா பட்டு நாலு வீடு தள்ளி ஒரு சாயக்காரரிடம் இருந்தது. அதை முறுக்கி, தறியில் நெடுக்காக ஓடும் பாவு நூலுக்குப் போடுகிற அரிசிக் கஞ்சியில் தோய்த்து, ஈரம் காயுமுன்பே ஜரிகை சுற்றினார்கள். இரண்டு மெல்லிசு, இரண்டு நடுத்தரம், இரண்டு தடிமன். ஆறையும் பின்கட்டு உத்தரத்தில் கட்டி, ஒவ்வொன்றின் கீழேயும் ஐந்து கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டார் ஏகாம்பரம். ஆடிக் காற்றில் இரண்டரை மணி நேரம் காய்ந்தது. அந்த நேரத்தில் கோயிலுக்குப் போயிட்டு வாயேம்மா, ஏகாம்பரநாதர் நடக்கிற தூரம்தான் என்றார்கள். நான் அசையவில்லை. அந்த ஆறு நரம்பையும் பார்த்தபடி கன்னியம்மா போட்ட கீரைச்சோற்றைத் தின்றேன். காஞ்சிபுரம் போய்க் கோயில் கோபுரத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் வந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மூன்று மணிக்கு ஆறையும் கட்டினேன். இப்போது வேறு தொல்லை. கீழ் சுருதி என்பது காதுக்கு மெதுவாகத்தான் விழும். சுற்றி இருபது தறி அடிக்கும்போது அடித்தொண்டை ஸ்வரத்தை எங்கே கேட்பது? வாத்தியத்தின் முதுகில் காதை வைத்துப் பார்த்தேன், தடக் தடக்தான் கேட்டது. ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், சுருதி நிற்கிறதா என்று தெரியாமல் எப்படிக் கிளம்புவது? கன்னியம்மா தெருவில் இறங்கினார்.

"கொஞ்சம் தறிய நிறுத்துங்கப்பா. இந்தப் பொண்ணு நரம்ப காதால பாக்கணுமாம்."

தறி நின்றால் நெய்கிறவருக்குக் கூலி நிற்கும். அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் ஒரு வீடு நின்றது, எதிர்வீடு நின்றது, பிறகு அந்தப் பக்கத்துத் தறிகள் எல்லாம் நின்றன. காலையிலிருந்து கேட்ட சத்தம் போனதும் காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது. கடைசி நரம்பைத் தட்டினேன். அம்மாடி, என்ன நாதம்! தரையில் கையூன்றி உட்கார்ந்திருந்த ஏகாம்பரம், தரையே அதிருதே என்று கையை எடுத்தார். ஆறையும் சுருதி சேர்த்து, நூறு எண்ணிவிட்டு மறுபடி தட்டினேன். இம்மியும் இறங்கவில்லை. கிழிந்த புத்தகத்திலிருந்து ஒரு நடனப் பாட்டை முழுசாக வாசித்தேன். ஜன்னலில், வாசலில், தெருவில் எல்லாம் ஆள். முடிந்ததும் கன்னியம்மாதான் சொன்னார்:

"இன்னொரு தபா வாசிமா."

மூன்று தபா வாசித்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, சொல்ல வெட்கமென்ன. ஜரிகைக்கும் பட்டுக்கும் பதினான்கு ரூபாய், மூன்று பேருக்கும் சேர்த்துக் கூலி ஒன்பது. கூலியை வேண்டாமென்று சொல்கிற ஆள் இல்லை கன்னியம்மா, எண்ணி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். ஐந்து மணி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கால் வலித்ததாக ஞாபகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அரைமணி என்று சொன்ன இடத்தில் ஐம்பது நிமிஷம் வாசித்தேன். முன்வரிசையில் காரியதரிசி முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் வந்து குனிந்து தங்கநிறத் தந்திகளைப் பார்த்து, லண்டனா ஜெர்மனியா என்று கேட்டார். பிள்ளையார்பாளையம் என்றேன். புரியவில்லை. எழுதியே கொடுத்தேன், விலாசத்தோடு.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். லூட் மட்டுமில்லை, பழைய கிதாரானாலும் அறுந்த தந்தியைத் தூக்கிப் போடாதீர்கள், மாதிரிக்குக் கொண்டுபோங்கள். வாத்தியத்தையும் எடுத்துப்போங்கள், வீட்டுக்கு வந்து கட்டிப்பார்த்து ஏமாறாதீர்கள். கோரா பட்டு என்று கேட்டு வாங்குங்கள். முதல் பஸ்ஸில் போனால்தான் காய வைக்க நேரம் கிடைக்கும். கடற்கரை ஊர்க்காரர்கள் வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள். எனக்கு ஒரு கட்டு பத்து மாதம் வந்தது. இப்போதைய பஸ் கட்டணத்தை என்னிடம் கேட்காதீர்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள். எத்தனையோ ஆயிரம் மைல் தள்ளி இருக்கிறது என்று நாம் ஏங்குகிற சாமான் சில சமயம் எழுபத்தைந்து கிலோமீட்டரில் இருக்கிறது, வேறு பெயரில்.

பதினைந்து நாள் கழித்து ஏகாம்பரம் கையெழுத்தில் ஒரு கார்டு வந்தது. மெட்ராஸிலிருந்து கோட்டுப் போட்ட பெரிய மனிதர் ஒருவர் காரில் வந்தார், கையில் ஒரு வாத்தியம், வீட்டுச் சுவரிலிருந்து இறக்கினதாம், கழுத்தில் ஆணித்துருகூட இன்னும் போகவில்லை, நரம்பு சுற்றிக் கட்டிக்கொண்டு போனார், வாசிக்கக் கற்றுக்கொள்ளப் போகிறாராம். உங்களிடம் வாங்கினதைப்போல் இரண்டு பங்கு கூலி கேட்டுவிட்டாள் கன்னியம்மா, அவரும் மறுபேச்சில்லாமல் கொடுத்தார், கேட்டது தப்பா என்று எழுதியிருந்தார்.

அன்றைக்கே பதில் போட்டேன். தப்புதான், மூன்று பங்கு கேட்டிருக்க வேண்டும்.