டெஸ்டர் எரியவில்லை

என் அப்பா சுப்புராஜ் 2007 ஜூலை 19, வியாழக்கிழமை, மதியம் இரண்டரை மணிக்கு கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு ஹோட்டலின் பம்ப் அறையில் மின்சாரம் தாக்கி இறந்தார். வயது ஐம்பத்தெட்டு. ஹோட்டல் கொடுத்த கடிதத்தில் காரணம் ஒரே வரியில் இருந்தது: 'சப்ளையை நிறுத்திய பின் காத்திருக்காமல் அவசரப்பட்டு உள்ளே கை வைத்தார், ஊழியரின் கவனக்குறைவு.'

மலையாளத்தில் இருந்த அந்த வரியை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"அவசரமா? உங்கப்பாவா?" என்றாள். "ஒரு மத்தி மீன வாயில வைக்க அரை மணி நேரம் முள்ளு பாப்பாரு. அந்த வரிய அழிக்கச் சொல்லுட்டி."

நான் மின்பொறியாளர். களமசேரியில் படித்தேன். கோயம்புத்தூரில் மோட்டார் டிரைவ் பேனல்கள் செய்யும் இடத்தில் வேலை. அப்பாவைக் கொன்ற பெட்டியைப் போன்ற பெட்டிகளைத்தான் தினமும் தொடுகிறேன். இறப்பதற்குக் கொஞ்ச நேரம் முன் அவர் போனில் பேசியதும் என்னிடம்தான். என்ன செய்ய வேண்டும் என்று சொன்னதும் நான்தான். அந்த வரி பொய்யாக இருக்க வேண்டும் என்று அம்மா விரும்பினாள். உண்மையாக இருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன். அவர் அவசரப்பட்டிருந்தால், நான் சொன்னது சரியாக இருந்திருக்கும்.

அப்பா சங்கரன்கோவில் பக்கம். பத்தொன்பது வயதில் அத்தை வீட்டுக்காரரோடு கொச்சிக்கு வந்து நகராட்சியில் பம்ப் ஹெல்பராகச் சேர்ந்து, ஆபரேட்டராக ஓய்வு பெற்றார். முப்பத்தைந்து வருடம் ஒரே வகை மோட்டார். பச்சைப் பொத்தானை அமுக்கினால் ஓடும், சிவப்பை அமுக்கினால் நிற்கும். ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். "மண்ணு அரைக்குது" என்றால் ஒரு மாதத்தில் பேரிங் போகும் என்று அர்த்தம்.

1996இல் அவரோடு வேலை பார்த்த சிவசங்கரன், செத்த லைன் என்று நினைத்து உயிருள்ள லைனைப் பிடித்தார். இரண்டு விரல் போயிற்று. அன்றிலிருந்து அப்பா எதைத் தொடும் முன்னும் டெஸ்டர் வைப்பார். மூன்று முறை. வீட்டில் மிக்ஸி பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டே, மிக்ஸிக்கு டெஸ்டர் வைப்பார்.

"எனக்கும் வெச்சுப் பாருங்க, உசுரு இருக்கான்னு" என்பாள் அம்மா.

"ஒனக்கு வெச்சா டெஸ்டர் எரிஞ்சு போகும், சந்தனமாரி."

ஓய்வு பெற்ற மறுமாதமே ஹோட்டலில் சேர்ந்தார். பழைய குறுமிளகுக் குடோனை மாற்றிக் கட்டியது. மிளகு காயப்போட்ட முற்றத்தில் நீச்சல் குளம். மூன்று வருடத்தில் ஒருமுறைகூட அவர் அந்தத் தண்ணீரில் கால் நனைக்கவில்லை. 2006இல் பழைய பம்பை எடுத்துவிட்டு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவோடு புதிய பம்ப் வைத்தார்கள். பாதி வேகத்தில் ஓடினால் எட்டில் ஒரு பங்கு கரண்ட்தான் ஆகும் என்று விளக்கினேன்.

"மெதுவா வேல செஞ்சா மிச்சமா? இத்தன வருஷம் தெரியாமப் போச்சே" என்றார்.

ஆனால் அந்த டிரைவ் பெட்டியைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டார். கடல் ஏற்றம் வரும் நாட்களில் காயல் தண்ணீர் பம்ப் அறைக்குள் வரும். "வல்லார்பாடத்துல துறைமுகத்துக்குக் கடலத் தோண்டுறான், தண்ணி என் ரூமுக்கு வருது" என்று திட்டியபடி, ஆள் வைத்துப் பெட்டியை மூன்றடி உயரத்துக்கு ஏற்றினார். பெட்டியின் சூட்டை வெளியேற்றும் தகட்டில் உப்புக் காற்று படியும். வாரம் ஒருமுறை பெயிண்ட் பிரஷால் துடைத்தார். ஐப்பசி மாத இடியில் முதல் மின்னலுக்கே மெயினை இறக்கிவிடுவார். இதில் ஒன்றுகூட நான் சொல்லிக் கொடுத்ததில்லை.

டிரைவ் நின்றால் திரையில் ஒரு எண் வரும். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எண் தெரியும். எனக்குப் போன் செய்வார்.

"ஏட்டி, ஏழுன்னு காட்டுது."

"சூடாயிருச்சுப்பா. ஃபேன் பாருங்க."

அதற்கு முன்பு நாங்கள் போனில் பேசியதே குறைவு. எடுத்தால் "அம்மாட்ட குடுக்கேன்" என்பார். இப்போது வாரம் ஒருமுறை அவரே கூப்பிட்டார். ஒருநாள் முப்பத்தொன்று காட்டுவதாகச் சொன்னார். கையேட்டில் முப்பத்தொன்று கிடையாது. சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப தானா சரியாயிருச்சு போல. நீ சாப்டியா?" என்றார்.

ஜூலை 19 அன்று 2.11க்குக் கூப்பிட்டார். நான் ஒரு பேனல் சோதனையில் இருந்தேன். பக்கத்தில் இருவர் காத்திருந்தார்கள்.

"இன்னிக்கி நம்பரே இல்லட்டி. கண்ண மூடிருச்சு."

"உள்ள கார்டுல சின்ன ஃபியூஸ் போயிருக்கும். மூடியக் கழட்டிப் பாருங்க."

"தொடலாமா?"

"மெயின ஆஃப் பண்ணி அஞ்சு நிமிஷம் விடுங்க. டெஸ்டர் வெச்சுப் பாருங்க. எரியலன்னா தொடுங்க."

"சரி தாயி" என்றார். ஐம்பது விநாடிப் பேச்சு. போனில் கணக்கு இருக்கிறது.

பதினாறாம் நாள் ஹோட்டலுக்குப் போனேன். மேனேஜர் சிஜு சாவியைக் கொடுத்தார். அன்று முதல் பம்ப் ஓடவில்லை. குளம் பச்சையாகியிருந்தது, அடிப் படி தெரியவில்லை. பம்ப் அறை வாசலில் அப்பாவின் செருப்பு, ஜோடியாக, சுவரைப் பார்த்து. யாரும் எடுக்கவில்லை. உள்ளே போகும்போது அவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் போல இருந்தது.

ஹோட்டல் துணிகளை உலர்த்திக்கொண்டிருந்த ஓமனா சேச்சி என்னைப் பார்த்து அருகில் வந்தார். அப்பாவுக்கு ஹோட்டலில் பேச்சுத் துணை அவர்தான். பாதி மலையாளம், பாதி தமிழ்.

"மோளே, அண்ணன் அவசரப்பட்டதுன்னு எழுதினாங்களாம். ஆரு கண்டது? நான் இவிடதானே நின்னது?"

"என்ன பாத்தீங்க, சேச்சி?"

"மெயின் ஆஃப் ஆக்கிட்டு இந்தப் படியில வந்து இருந்தார். என்கிட்ட நேரம் கேட்டார். ரெண்டேகால். 'மக அஞ்சு நிமிஷம் சொன்னா, நான் பத்து இருப்பேன்'னார். நான் சிரிச்சேன். 'மகள் வேண்டாம்னு சொன்னா அண்ணன் சாயாகூடக் குடிக்க மாட்டீங்கல்லே'ன்னேன். 'எஞ்சினீயராக்கும்'னார். பின்னயும் நேரம் கேட்டார். ரெண்டு இருபத்தேழு. அப்பத்தான் எழுந்தார்."

"அப்புறம்?"

"உள்ளேருந்து விளிச்சுச் சொன்னார், 'எரியல ஓமனா'ன்னு. மூணு வட்டம் சொன்னார். எரியல. எரியல. எரியல." அவர் ஈரத் துணியை முறுக்கிக்கொண்டே இருந்தார். "பிறகு ஒரு சத்தம். அத்ரதான்."

"விசாரிக்க ஆபீசர் வந்தப்ப இதச் சொல்லலையா?"

"என்கிட்ட ஆரும் கேட்டில்ல, மோளே."

பன்னிரண்டு நிமிடம். நல்ல டிரைவாக இருந்தால் மெயினை இறக்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கெபாசிட்டர் இரண்டு நிமிடத்தில் காலியாகிவிடும். நான் மூடியைக் கழற்றினேன். தேங்கிய மின்சாரத்தை வடிக்கும் ரெசிஸ்டர் கருகித் துண்டாகியிருந்தது. கார்டு வழியாகவும் வடிய முடியாதபடி அதன் ஃபியூஸும் போயிருந்தது. வடிய இருந்த இரண்டு வழியும் அடைபட்டிருந்தன.

மெயினை ஏற்றி, இறக்கினேன். அதே படியில் வந்து உட்கார்ந்தேன். பன்னிரண்டு நிமிடம் மிக நீளம். எழுந்துபோய் மல்டிமீட்டரை வைத்தேன். ஐந்நூற்று முப்பது வோல்ட்.

பிறகு என் பையிலிருந்த டெஸ்டரை எடுத்தேன். ஒரு முனையில் வைத்தேன். எரியவில்லை. மறு முனையில் வைத்தேன். எரியவில்லை. எரியாது. டெஸ்டர் எரிய வேண்டுமென்றால் மின்சாரம் நம் உடம்பு வழியாகத் தரைக்குப் போக வேண்டும். மெயினை இறக்கிய பின் கெபாசிட்டரில் நிற்கும் மின்சாரத்துக்கும் தரைக்கும் தொடர்பே இல்லை. அது இரண்டு முனைகளுக்கு நடுவில் மட்டும் இருக்கிறது. இரண்டையும் ஒருசேரத் தொடுகிறவருக்கு மட்டுமே தெரியும். அப்பா ஃபியூஸை உருவ இரண்டு விரல் நீட்டியிருப்பார்.

இது எனக்குத் தெரியாததல்ல. களமசேரியில் இரண்டாம் வருடப் பாடம். கோயம்புத்தூரில் புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்வேன்: டிரைவுக்குள் டெஸ்டரை நம்பாதே, மீட்டர் வை. அப்பாவிடம் மீட்டர் இல்லை. நான் வாங்கிக் கொடுக்கவில்லை. அவர் கையில் இருப்பது டெஸ்டர் என்பதால் டெஸ்டர் என்று சொன்னேன். அப்போது என் கண் பேனலில் இருந்தது.

அறையில் மோட்டார் நின்றிருந்தது, இருந்தாலும் எனக்கு அது பாதி வேகத்தில் ஓடும் மெல்லிய சத்தம் கேட்டது. இன்னும் கேட்கிறது. வேலையில் எந்தப் பேனலை நிறுத்தினாலும் உள்ளேயிருந்து மூன்று முறை ஒரு குரல் எரியவில்லை என்கிறது.

சிஜுவிடம் சொன்னேன். அவர் மோசமானவர் அல்ல.

"ரெசிஸ்டர் கருகியது டிரைவோட குறைன்னு மாத்தி எழுதித் தரேன், மேடம். அது போதும். போன் விஷயம் எதுக்கு? உங்க வேலை போகும்."

"ரெசிஸ்டரை மட்டும் எழுதினா, ஏன் மீட்டர் வைக்கலன்னு கேப்பாங்க. அப்பவும் அவர் தலையிலதான் விழும்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கெபாசிட்டர் பற்றிச் சொல்லவில்லை. அப்பா காத்திருந்தார் என்றேன். அம்மாவின் தோள் தளர்ந்தது.

"நான்தான் சொன்னேம்லா. அவரு அவசரப்படல."

"இல்லம்மா. சொன்னபடிதான் செஞ்சாரு. சொன்னதுதான் தப்பு."

"சொன்னது யாரு?"

"நான்."

அம்மா என் கைகளைப் பார்த்தாள். பிறகு எழுந்து கதவைச் சாத்தினாள், பக்கத்து வீட்டில் கேட்டுவிடும் என்பது போல.

"வேண்டாம்" என்றாள். "அவரு அவசரப்பட்டாருன்னே இருந்துட்டுப் போகட்டும்."

"நீதான அழிக்கச் சொன்ன?"

"சொன்னேன். இப்ப வேண்டாங்கேன். அவரு இருந்தாலும் இதத்தான் சொல்லுவாரு. ஒன்னய விட்டுக் குடுக்க மாட்டாரு."

உண்மைதான். விட்டுக் கொடுக்க மாட்டார். அதனால்தான் அம்மா சொன்னதை நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை எர்ணாகுளத்தில் மின் ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனேன். அம்மாவும் வந்தாள், ஆனால் உள்ளே வரவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். ஓமனா சேச்சி தன் வாக்குமூலத்தைச் சொல்லிக் கையெழுத்திட்டுப் போனார். அடுத்து என் முறை. அதிகாரி கேட்கக் கேட்க எழுதினார். வேலை செய்யச் சொன்னவர் யார். என் பெயரைச் சொன்னேன். அப்படிச் சொன்னவரின் தகுதி. சொன்னேன். இறந்தவருக்கு என்ன உறவு.

"மகள்."

பேனா நின்றது. "இது கட்டாயமில்ல, மோளே" என்றார். "கருகின ரெசிஸ்டர் இருக்கு. அதுவே போதும்."

"அவர் பன்னிரண்டு நிமிஷம் காத்திருந்தார் சார். அத முதல்ல எழுதுங்க. அதுக்குக் கீழ என் பேர எழுதுங்க."

எழுதினார். திருப்பி என்னிடம் நீட்டினார். படித்தேன். கையெழுத்திட்டேன். வெளியே வந்தபோது அம்மா எழுந்து நின்றிருந்தாள். என்ன எழுதினார்கள் என்று அவள் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள், கொஞ்சம் வலிக்கும்படி. படகுத்துறை வரை விடவில்லை.