பட்டியலில் இல்லாத வெள்ளைச் சுவர்

அல்க்வேர் தீவு ஊராட்சியின் ஆயுள் எழுபத்து மூன்று ஆண்டுகள். பெருநிலக்கரைத் தேவாலயத்துக்குத் துடுப்பு வலித்துப் போய்வர ஒரு பகல் முழுதும் ஆகிறது என்று முறையிட்டு, 1891இல் தீவுக்காரர்கள் தனியாகப் பிரிந்தார்கள். 1964 புத்தாண்டன்று அதே கரையோடு மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். தீவு ஊராட்சியின் கடைசி எழுத்தர் போர்க்னி என்ற பெண்மணி. ஒப்படைப்புக்காக அவர் தயாரித்த பட்டியல்களுள் ஒன்று, படகோட்டிகளுக்கான கடல் அடையாளங்கள்: கற்குவியல்கள், இரும்புக் கம்பங்கள், சுண்ணாம்பு பூசிய பாறைகள் என இருபத்து மூன்று. இரண்டு முறை சரிபார்த்தே கையொப்பமிட்டார்.

அடுத்த மூன்று ஆண்டுகளில் பள்ளி போயிற்று, கடையும் போயிற்று. வெளித்தீவுகளை விட்டு வருவோருக்கு அரசு உதவி அறிவித்தது. போர்க்னியும் புறப்பட முடிவு செய்தார். அல்க்வேரை விட்டுப் போகிறவர்கள் வீட்டையும் கொண்டுபோவார்கள். மரவீட்டின் சுவர்க் கட்டைகளுக்கு எண் எழுதிப் பிரித்து, படகிலேற்றி, அக்கரையில் அதே வரிசையில் அடுக்குவார்கள். மே மாதக் காலையொன்றில் அவர் எண் எழுதிக்கொண்டிருந்தபோது, அண்டை வீட்டு மீனவர் ஆர்ன்ஃபின் வந்து நின்றார். சிறு வயதில் இருவரும் ஒரே படகில் பள்ளிக்குப் போனவர்கள்.

"எல்லாத்தையும் கொண்டுபோறியா?"

"பின்ன? பாதி வீட்டுலயா குடியிருக்க முடியும்?"

"இந்த வெள்ளைச் சுவரையுமா?"

போர்க்னியின் தூரிகை நின்றது.

மற்ற மூன்று சுவர்களும் சிவப்பு. கடலைப் பார்த்தது மட்டும் வெள்ளை. தீவுக்கு வரும் நீரிணையின் வாயிலில் நீருக்கடியில் ஒரு பாறை கிடந்தது. குன்றின் மேலுள்ள கற்குவியலுக்கு நேர்கீழே வெள்ளைச் சுவர் தெரியும்படி வரும் படகு தப்பும். விலகினால் அடிப்பலகை கிழியும். அதற்காகவே அவர் தந்தையும், பின்னர் அவரும், ஆண்டுதோறும் அச்சுவருக்கு வெள்ளை பூசினார்கள்.

"நாங்க இன்னும் நாலு வீடு இருக்கோம், போர்க்னி. மழை இருட்டுல எதைப் பாத்து உள்ள வர்றது, உன் மூஞ்சியையா?"

"என் மூஞ்சி இன்னும் தூரத்துல இருந்தே தெரியும்டா. இரு, அக்கரை ஊராட்சிக்கு எழுதுறேன். கம்பம் நட்டுத் தருவாங்க."

மூன்றாம் வாரம் பதில் வந்தது. 'அல்க்வேர் ஊராட்சி ஒப்படைத்த பட்டியலில் அவ்விடத்தில் அடையாளம் எதுவும் குறிக்கப்படவில்லை. ஆதலால் மாற்று அடையாளத்துக்கு அவசியம் எழவில்லை.' இணைப்பாகப் பட்டியலின் நகல். அதன் அடியில் போர்க்னியின் கையொப்பம்.

ஆர்ன்ஃபின் படித்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார். "யாரு இந்த எழுத்தர்? கையில கெடைச்சா நாலு வார்த்தை கேக்கணும்."

"கேளு. எதிர்லதான் நிக்கிறா."

"ஏன் எழுதல?"

"அது என் வீடுடா! வீட்டைப் போயி யாராவது பட்டியல்ல எழுதுவாங்களா? தெரியாதவங்க யாரு இருந்தாங்க இங்க?"

சொல்லி முடித்ததும் போர்க்னிக்கே அந்தக் கேள்வி உறுத்தியது. தெரிந்தவர்கள் இன்று நான்கு வீடு. தாளைப் படித்துத் தீர்மானிப்பவர்கள் அக்கரையில். மறுபடி விண்ணப்பித்தால் இலையுதிர்காலக் கூட்டத்தில்தான் எடுப்பார்கள்; வீட்டை ஏற்றும் படகோ ஜூன் இறுதிக்குப் பேசியாகிவிட்டது.

மறுநாள் அவர் கடப்பாரையை எடுத்து, கட்டைச் சுவரின் மேல் அறைந்திருந்த வெள்ளைப் பலகைகளை முதலில் பெயர்த்தார். வீடு பிரிக்கப்பட்டதும் அதே இடத்தில் ஆர்ன்ஃபினோடு சேர்ந்து கம்பங்களை நட்டு, பாறையில் துளையிட்டு இரும்பால் இறுக்கி, பலகைகளைப் பழைய வரிசையிலேயே அறைந்தார். மூன்று நாள் வேலை.

"குளிர்காலத்துல உன் கட்டில் எந்தப் பக்கம்?"

"பலகை இல்லாத பக்கந்தான்."

"நடுங்குறப்போ என்னைத் திட்டுவ."

"தெனமும்."

பட்டியலின் நகலில் இருபத்து நான்காவது வரியை எழுதித் தேதியிட்டு ஊராட்சிக்கு அனுப்பினார்: 'வெள்ளைச் சுவர். வீடு இல்லை.'

புறப்பட்ட நாளில் வீடு கட்டுக்கட்டாகப் படகில் கிடந்தது. போர்க்னி படகின் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து தீவின் கரையையே பார்த்தார். மேலே கற்குவியல், அதன் நேர்கீழே வெள்ளை.

"கொஞ்சம் இடப்பக்கம்," என்றார் படகோட்டியிடம். "ஆங், இப்படியே போங்க."

நீருக்கடியில் பாறை பக்கமாய்க் கடந்துபோயிற்று.